உள்ளே ஒன்று, வெளியே இரண்டு

சுரங்கக் கூரையைத் தாங்கும் கடைசி முட்டுக்காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷஃபியுல்லா திரும்பிய பிறகு, இன்னொரு தட்டு கேட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்தி வைக்கிற மாதிரி அடங்கிய ஒரு சத்தம், அது ஓய்வதற்குள் அதையே தொட்டுக்கொண்டு இன்னொன்று. இரண்டாவது எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தான். பாறையைக் குடைந்த வழியில் எதிரொலி இல்லாமல் எப்படி? ஆனால் முதலாவதை யார் தட்டியது? கார்பைடு விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றான். விளக்கின் பூண்டு நாற்றமும், ஈரப் பாறையின் குளிர்ந்த வாடையும், பச்சை மரத்தின் துவர்ப்பும் கலந்து மூக்கில் ஏறின. கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் பிடரியில் விழுந்து முதுகு வழியாக இறங்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை. வயசாகிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு வெளியே வந்தான்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்குகிற மலைப்பாதைக்குச் சற்று மேலே இருந்தது அந்தச் சுரங்கவழி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் தாது கிடைக்கும் என்று நம்பித் தோண்டி, கல்லைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் கைவிட்டுப் போனது. அதைத்தான் வடக்கே நிலக்கரி வெட்டுகிற கம்பெனி இப்போது சோதனைக்கு எடுத்திருந்தது. சுரங்கக் கூரையைத் தாங்க ஜவ்வாது மலை மரத்தைத் தொடர்ந்து வாங்குவதா, இரும்புக்கு மாறிவிடுவதா என்று கம்பெனி முடிவு கட்ட வேண்டும். வாயிலருகே கூரையில் துளை போட்டு இரும்புக் கம்பிகளை ஏற்றி, தகடு வைத்து முறுக்கிய புது முறை. அங்கே கால்களே கிடையாது, கூரை தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும் என்று ஏற்பாடு. நடுவில் வரிசையாக இரும்பு முட்டுக்கால்கள். கடைக்கோடியில், பாறை முடிகிற இடம் வரைக்கும் கருமருது மரக்கால்கள். ஷஃபியுல்லா ஒவ்வொன்றின் தலையிலும் ஜாக்கி வைத்துப் பாரத்தை ஏற்றுவான். பிறகு சாயங்காலம் வரிசையாக நடந்து, காலுக்கு ஒரு தட்டு தட்டிக் காது கொடுப்பான். பாரம் ஏறிய கால் கணீரென்று சொல்லும். சோம்பேறிக் கால் தொப்பென்று ஒலிக்கும்.

இரும்பு, மரத்தைவிடப் பல மடங்கு தாங்கியது. அதை அவன் மறுக்கவில்லை. கோடு கிழித்த மாதிரி நிற்கிற இரும்பைப் பார்த்தால் மேனேஜர்களுக்கு வாய் நிறையப் பல் தெரியும். ஆனால் மரம் பேசும். முறிவதற்கு முன்னால் முனகும், நார் நாராகப் பிரிந்து படபடவென்று பொரியும். மரம் பேசினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்பதுதான் சுரங்கத்தில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். இரும்பு அப்படியில்லை. தாங்கும், தாங்கும், பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்.

பாண்டுரங்கன் அப்படித்தான் போனான்.

இந்த மலைக்குத் தெற்கே இருக்கிற செங்கத்துக்காரன் அவன். ஷஃபியுல்லாவுக்கு வாணியம்பாடி. அப்பாவின் தோல் மண்டி நாற்றத்துக்குப் பயந்து ஓடி, கரிப்புகையில் போய் விழுந்தவன் என்று வீட்டில் அவனைச் சொல்வார்கள். வடக்கே அந்தக் கரி ஊரில் தமிழ் பேச அவர்கள் இருவரை விட்டால் ஆள் கிடையாது. ஒரே அறை, ஒரே அடுப்பு. ஷஃபியுல்லா கறிச்சோறு ஆக்கினால் பாண்டுரங்கன் புரட்டாசி என்று கறியை ஒதுக்கிவிட்டு, அந்தக் கறி வெந்த சோற்றை மட்டும் ரெண்டு தட்டு தின்பான். "கறிதான்டா தோஷம், சோறு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பான். அவன் இருந்தவரை ஊர் நினைப்பு ஷஃபியுல்லாவுக்கு வந்ததே இல்லை.

இரும்புக்கால் நட்ட பகுதியில் கூரை இறங்கியபோது பாண்டுரங்கனும் இன்னும் சிலரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். சுரங்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே மாட்டியவன் ஒன்று ஒன்றாகத் தட்டுவான், நடுவே நிறைய இடைவெளி விட்டு. மூச்சு வீணாகக் கூடாது. வெளியே இருப்பவன் சேர்த்து இரண்டு தட்டுவான். கேட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். பதில் சொன்னவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே சத்தம் நின்றுவிட்டால் வெளியே தோண்டுகிறவர்கள் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஷஃபியுல்லா நகரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளிருந்து வந்த ஒற்றைத் தட்டு மெலிந்து மெலிந்து நின்றபோது கோலைப் போட்டுவிட்டு வெறும் கையால் கல்லைப் பறித்தான். விஷவாயு வந்துவிட்டது என்று அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். கம்பெனி அந்தப் பக்கத்தையே செங்கல் வைத்து அடைத்துவிட்டது. பாண்டுரங்கன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

மரமா இரும்பா என்ற சோதனைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவன் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அதுதான். எச்சரிக்காத கூரைக்குக் கீழே இனி யாரையும் அனுப்பாதீர்கள் என்று அவன் கையால் எழுதித் தர வேண்டும். செத்தவனுக்குச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை.

ஆனால் இந்த மலை இவ்வளவு தனிமையாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுரங்க வாயிலுக்கு எதிரே, மிச்சமான கருமருதுக்கால் ஒன்றை நடுத்தூணாக நட்டுப் போட்ட ஓட்டுக் கொட்டகையில் அவன் குடியிருந்தான். பகலிலேயே மூட்டம் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். மேலே கொல்லை நிலம் வைத்திருந்த சின்னராசு காலையில் வந்து தண்ணீரும் விறகும் எடுத்து வைத்து, ஜாக்கியைத் தூக்கக் கை கொடுத்துவிட்டு, வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் வீடு போய்விடுவான். அதற்குப் பிறகு பேச ஆள் இல்லை. மனைவி பஷீரா சொல்கிற மாதிரி தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொள்கிற வியாதி அவனுக்கு வந்துகொண்டிருந்தது.

அதனால்தான் மறுநாள் சாயங்காலம் கடைசி மரக்காலின் அடியில் நின்று, விளையாட்டாக, ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தான்.

பதில் வந்தது. ஒரு தட்டு, அதன் எதிரொலி.

மறுபடி ஒன்று தட்டினான். மறுபடி வந்தது. முகத்தைப் பாறையோடு ஒட்டி வைத்துக் கேட்டான். கல்லுக்கு வெகு உள்ளே, தூரத்தில், ஆனால் தெளிவாக. வேர்த்தது. பயமும் இருந்தது, அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. இத்தனை நாளில் அவன் செய்ததற்கு யாரோ பதில் சொன்னது இதுதான் முதல் தடவை. தேன் எடுக்கப் போன மலைக்காரன் எவனாவது ஏதோ ஒரு பொந்தில் விழுந்து கிடக்கிறானோ? அப்படி இருந்தால் விட்டுவிட்டுப் போக முடியுமா? உயிர் இருக்கிற தட்டைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்குவது? கார்பைடின் மேல் சொட்டுகிற தண்ணீர் தீர்ந்து விளக்கு அணைகிற வரைக்கும் அவன் தட்டிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் நின்றான். அவன் ஒன்று. அது ஒன்று, எதிரொலியோடு.

காலையில் சின்னராசுவிடம் கேட்டான்.

"ஊர்ல யாராச்சும் காணாம போயிருக்காங்களா?"

"இல்லீங்களே. எல்லாரும் வூட்டாண்டதான் கீறாங்க. மழையில எங்க போவாங்க? ஏன் சாய்பு?"

"சும்மாதான் கேட்டேன்."

சின்னராசு விறகை இறக்கி வைத்துவிட்டு நின்றான். சுரங்க வாயிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். அடுத்தடுத்த நாட்களில் அவன் சுரங்கத்துக்குள் வருவதை நிறுத்திக்கொண்டான். ஜாக்கியை வாயிலில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். ஷஃபியுல்லாவும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குத் தனியாக உள்ளே போவதுதான் பிடித்திருந்தது. சோதனை வேலையைப் பெயருக்கு முடித்துவிட்டுக் கடைக்கோடிக்கு ஓடுவான். சத்தம் நெருங்கி வந்திருந்தது. முன்பு காதை ஒட்டினால்தான் கேட்கும். இப்போது நின்ற இடத்திலேயே கேட்டது. மரக்காலில் உள்ளங்கையை வைத்தால் கைக்குள்ளேயே தட்டியது.

அன்று மத்தியானமே இருட்டுகிற மாதிரி மூட்டம். சின்னராசு மனைவி ராணியம்மாளோடு வந்தான். அவள் தலையில் மூட்டை. அவன் கையில் கோழிக்கூடை. கீழே பாதையில் சந்தை லாரி உறுமிக்கொண்டு நின்றது.

"நாங்க ஆலங்காயத்துல மச்சான் வூட்டுக்குப் போறோங்க. மழை வுட்டதும் வருவோம். நீங்களும் வந்துடுங்க சாய்பு. லாரியில எடம் கீது."

"ஏன், இன்னா ஆச்சு?"

சின்னராசு மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"தரைக்குள்ள தட்டுதுங்க. மொதல்ல தெக்கால பெரிய கொல்லையில கேட்டுச்சு. செங்கத்துப் பக்கம். அப்பறம் களத்து மேட்டாண்ட. நேத்து எங்க அடுப்படியில. இன்னைக்கு எங்க வூட்டைத் தாண்டிருச்சு. இங்க எறங்குது."

"அது நான் உள்ள தட்டுறதோட எதிரொலிம்மா. பாறை சத்தத்தை எங்கியோ கொண்டு போவும்."

"எதிரொலின்னா நீங்க தட்டினப்பறம்தானே கேக்கணும்?" என்றான் சின்னராசு. "நீங்க இங்க குந்தினு டீ குடிக்கறப்பவும் கேக்குதே. அதுவும் ரெண்டு ரெண்டா."

"ரெண்டா?"

"ஆமாங்க. சேர்த்து ரெண்டு. ஒரு தபா கூட ஒத்தையா கேட்டதில்ல."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஷஃபியுல்லா போகச் சொல்லிக் கையைக் காட்டினான். உள்ளே ஒருவன் உயிரோடு இருக்கிறான், விட்டுப் போகக் கூடாது என்ற ஒன்றே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. லாரியின் சத்தம் வளைவு வளைவாக இறங்கி, சீனச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு மனிதர்கள் டீ குடிக்கிற ஆலங்காயத்தை நோக்கிப் போய்விட்டது. மூட்டம் மறுபடி கூடிக்கொண்டது.

கொட்டகைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகி வாசலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. சேர்த்து இரண்டு. அப்படியானால் இரண்டாவது எதிரொலி இல்லை. இத்தனை நாளும் அவன் ஒன்று தட்டினான், அங்கிருந்து இரண்டு வந்தது. அவன் ஒன்று. அங்கே இரண்டு.

உள்ளே மாட்டியவன்தான் ஒன்று ஒன்றாகத் தட்டுவான்.

இந்த மலைக்கு வந்ததிலிருந்து அவன் சாயங்காலம் சாயங்காலமாகச் செய்தது என்ன? தரைக்கு அடியில் தனியாக நடந்து, காலுக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஒற்றையாகத் தட்டினான். சோதனை என்று நினைத்துக்கொண்டு தட்டினான். சுரங்கத்து வழக்கம் தெரிந்த எவன் காதில் விழுந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறேன். வாங்க.

செங்கத்துக்காரன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறான். கேட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம்.

ஷஃபியுல்லா கட்டிலில் காலை மடக்கி ஏற்றிக்கொண்டான். இனி தட்டக் கூடாது. அவ்வளவுதானே? தட்டவில்லையென்றால் தேடுகிறவனுக்கு வழி தெரியாது, வந்த திசையில் திரும்பிப் போய்விடுவான். மழை ஓய்ந்தது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மஃரிப் தொழுகை நேரம். எழுந்து கை கால் கழுவி ஒளு செய்யக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. பாத்திரம் தரையில் பட்டு ஒரு சத்தம் வந்துவிட்டால்?

தட். தட்.

நடுத்தூணில்.

கொட்டகையின் நடுவில் நின்ற கருமருதுக்காலில், கீழே, மண்ணுக்குள் புதைந்த பக்கத்திலிருந்து. அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

தட். தட்.

காத்திருக்கிறது. பதிலுக்காக. அந்த இடைவெளியை அவனுக்குத் தெரியும். அவன் எத்தனை தடவை அப்படிக் காத்திருந்திருக்கிறான். கோலைப் பாறையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொல்லுடா, ஒண்ணே ஒண்ணு தட்டுடா என்று. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

தட். தட்.

பிறகு நின்றது.

நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் அவனுக்கு மிச்ச வழக்கமும் ஞாபகம் வந்தது. உள்ளே சத்தம் நின்றுவிட்டால் வெளியே வேகத்தைக் கூட்ட வேண்டும். இங்கே தட்டாமல் நின்றுவிட்டது அவன்தான்.

தரைக்கு அடியில் பறிக்கிற சத்தம். கருவி இல்லை. விரல்கள். வெறும் விரல்கள் கல்லைப் பறித்துப் பின்னால் தள்ளுகிற சத்தம். நிறைய விரல்கள்.

நடுத்தூண் முனகியது. நார் பிரிந்து பொரிந்தது. மரம் பேசிவிட்டது.

அவன் ஓடினான்.

கதவைத் தள்ளி, வாசல் குழியைத் தாண்டி, செருப்பு இல்லாமல், மூட்டத்துக்குள். பின்னால் ஓடுகள் சரிந்து விழுந்தன. திரும்பவில்லை. பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. கால் சொன்ன வழியில் இறங்கினான். ஆலங்காயம். பஸ். வாணியம்பாடி. பஷீரா. தோல் மண்டி நாற்றம்கூடப் போதும். அந்த நாற்றத்தில் போய் விழுந்து கிடப்பேன். யா அல்லா. ஒரு விளக்கு தெரிந்தால் போதும். ஒரு மனிதக் குரல்.

மூச்சு முட்டி ஓட்டம் நடையானது. நடை தடுமாற்றமானது. கல் பாவிய பாதை. ஒரு அடி. நின்று மூச்சு. ஒரு அடி. நின்று மூச்சு.

அவன் குதிகால் கல்லில் மோதுகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

ஒன்று.

ஒன்று.

ஒன்று.

அப்படியே நின்றான்.

எடுத்த காலைக் கீழே வைக்கத் தோன்றாமல், வைக்காமல் நிற்கவும் முடியாமல், விரல் நுனியை மெல்ல, மெல்ல, கற்களுக்கு நடுவே ஈர மண்ணில் ஊன்றினான். சத்தம் வரவில்லை. சுற்றிலும் வெள்ளை. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஆலங்காயமாக இருக்கலாம். எத்தனை தூரம்? இன்னும் எத்தனை அடி? ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. ஊர் வரைக்கும் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஊருக்குள்ளும். அவன் வீட்டுக்குள்ளும். பஷீரா படுத்திருக்கிற தரை மேலேயும்.

நகராமல் நின்றான். அசையாமல் நின்றால் போதும்.

தட். தட்.

இரண்டு உள்ளங்காலிலும். இவ்வளவு பக்கத்தில்.

பாதங்களுக்கு நடுவே கல் ஒன்று ஆடியது. பல் ஆடுகிற மாதிரி ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே விழுந்தது. குழியிலிருந்து வாடை எழுந்தது. இந்த மலையில் இல்லாத வாடை. கரி. செம்மண்ணுக்குள்ளிருந்து கரித்தூள், ஈரமாக, கறுப்பாக ஊறி அவன் விரல்களின் மேல் வழிந்தது.

அதிலிருந்து ஒரு கை வந்தது.

நகம் இல்லை. நுனிகள் தேய்ந்து எலும்பு வெளுத்திருந்தது. அது அவசரப்படவில்லை. தடவித் தடவிப் பார்த்தது. அவன் கட்டைவிரல். பாதம். கணுக்கால். கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும் அங்கேயே நின்றது. பிறகு, இடிபாட்டில் கிடைத்தவனுக்கு முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி, அவன் காலில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டது. மிகவும் பரிவாக. விரல் இடுக்குகளைக்கூட விடாமல்.

"பாண்டு," என்றான். "நான் வெளியதாண்டா கீறேன்."

கை கணுக்காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அதன் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு இன்னொரு கை வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. உள்ளே, கரிக்குள்ளே, பலர் மூச்சு வாங்குகிற சத்தம். பல நாள் தோண்டிக் களைத்தவர்கள், கடைசியில் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் விடுகிற மூச்சு.

முதல் கை அவன் கணுக்காலில் இரண்டு தட்டு தட்டியது. சேர்த்து.

பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்து, கீழ்நோக்கி, அவனை வெளியே இழுக்கத் தொடங்கின.